செயற்கைக்கோளை எந்தக் கணக்கில் எழுதுவது?

பி.காம் படிக்கிறவனுக்கு சாட்டிலைட் பற்றி என்ன பேச்சு என்று வகுப்பில் சிலர் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டு வாருங்கள் மக்களே, விஷயம் நம்ம பாடம்தான் :-)

நேற்று டீக்கடையில் நண்பன் சொன்னான்: "காலேஜ் பசங்க செய்யற சாட்டிலைட் பாதி மேலே போனதும் செத்துடுது. வெட்டிச் செலவு." எனக்கு இதில் சுத்தமாக உடன்பாடு இல்லை.

டென்மார்க்கில் ஆல்போர்க் பல்கலைக்கழகம். அங்கே மாணவர்கள் ஒரு க்யூப்சாட் செய்தார்கள். பத்து சென்டிமீட்டர் கனசதுரம், எடை ஒரு கிலோ. 2003 ஜூன் 30 அன்று ரஷ்ய ராக்கெட்டில் போனது. சிக்னல் பலவீனம், பேட்டரி தகராறு, சில மாதங்களில் கதை முடிந்தது. நண்பன் கணக்கில் இது முழு நஷ்டம்.

ஆனால் அவர்கள் கடையை மூடவில்லை. அடுத்த செட் மாணவர்கள் செய்த இரண்டாவது செயற்கைக்கோள் 2008-ல் நம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி-யில் போனது. 2013-ல் மூன்றாவதும் அங்கிருந்தே போய், கப்பல்களின் சிக்னலைப் பிடித்துக் கொடுத்தது. நடுவில், 2007-ல், அங்கே செய்து பழகியவர்கள் காம்ஸ்பேஸ் என்று கம்பெனியே தொடங்கிவிட்டார்கள். சின்னச் செயற்கைக்கோள்களும் அதன் பாகங்களும்தான் வியாபாரம். 2016-ல் ஸ்டாக்ஹோம் பங்குச்சந்தைக்கும் வந்தது.

நண்பன் தப்பு செய்தது கணக்குத் தலைப்பில். செயற்கைக்கோளைச் சொத்தாக எழுதினால் நஷ்டம்தான் தெரியும். பாடச் செலவாக எழுதிப் பாருங்கள். கெமிஸ்ட்ரி லேபில் ஊற்றிய ஆசிட்டை யாராவது திருப்பிக் கேட்கிறோமா?

அந்த ஒரு கிலோ கட்டுப்பாடு நடத்தும் பாடத்தை எந்த கரும்பலகையும் நடத்தாது. கேமராக்காரன் 50 கிராம் கூடுதலாகக் கேட்டால், பேட்டரிக்காரனோ வேறு யாரோ 50 கிராம் விட்டுத்தர வேண்டும். மின்சாரமும் அப்படியே. சோலார் செல் தருவதுதான் வரவு. அதற்குமேல் செலவு செய்ய, மேலே கடன் கொடுக்க எந்த வங்கியும் கிடையாது. பட்ஜெட் என்றால் என்னவென்று நமக்கு இதைவிட நன்றாகச் சொன்னவர் யார்?

இங்கே நாம் என்ன செய்கிறோம்? கடைசி வருட ப்ராஜெக்டைக் கடையில் காசு கொடுத்து, பைண்டிங்கோடு வாங்குகிறோம். அது ஒருநாளும் தோற்பதில்லை. வாங்கியவனுக்குத்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது.

இப்போது சொல்லுங்கள், எது வெட்டிச் செலவு?

பி.கு: சண்டை போட விரும்புபவர்கள் அதே டீக்கடைக்கு வரவும். டீ என் கணக்கில்.