வாடகை வாங்கும்போது விடுதி, கூலி கொடுக்கும்போது வீடு



அச்சுவேலியில் யாரோ ஒருவர் தன் வீட்டை நாள் வாடகைக்கு விட்டால், மலையில் கொழுந்து எடுக்கும் நமக்கு என்ன வந்தது என்று சிலர் கேட்கலாம். வந்திருக்கிறது. அங்கே இன்று தொடங்குவது நம் தோட்டங்களில் எப்போதோ தொடங்கிவிட்டது. இரண்டு இடத்திலும் கேள்வி ஒன்றுதான்: விருந்தாளி வந்து போகும் வீட்டில் உழைக்கிறவருக்கும், அந்த வீட்டுக்குப் பக்கத்தில் காலமெல்லாம் குடியிருப்பவருக்கும் என்ன உரிமை இருக்கிறது?

அச்சுவேலி வலிகாமம் கிழக்கில் உள்ள செம்மண் ஊர். அங்கே "தோட்டம்" என்றால் தேயிலை அல்ல. வெங்காயம், புகையிலை, மிளகாய், மரக்கறி. தோட்டத்தில் வேலை செய்பவர் என்றால், நாட்கூலிக்குக் குனிந்து வெங்காயம் நடுகிற, களை பிடுங்குகிற பெண். பெயரும் ஒன்று, முதுகு வலியும் ஒன்று. 1977இலும் 1983இலும் அடிபட்டு மலையை விட்டு வடக்கே போன நம் உறவுகள் வன்னியெங்கும் இருக்கிறார்கள். இன்றும் நம் பிள்ளைகள் வேலை தேடி யாழ்ப்பாணம் போகிறார்கள். ஆகவே அந்த மண்ணில் வீடு, தண்ணீர், கூலி பற்றி என்ன விதி வருகிறது என்பது நம் வீட்டுச் செய்தியும்தான்.

அச்சுவேலிக்குப் பக்கத்திலேயே பலாலி. அங்கே சர்வதேச விமான நிலையம் 2019 அக்டோபர் 17 அன்று திறக்கப்பட்டது. காங்கேசன்துறைக்கு நாகபட்டினத்திலிருந்து பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் வந்தது. போர்க் காலத்தில் கனடாவுக்கும் லண்டனுக்கும் பாரிஸுக்கும் போனவர்களின் கல்வீடுகள் வலிகாமத்து ஒழுங்கைகளில் பூட்டிக் கிடக்கின்றன. நல்லூர்த் திருவிழாவுக்கும் பள்ளி விடுமுறைக்கும் மட்டும் திறந்த கதவுகள், இப்போது கைபேசிச் செயலி வழியாக எந்த நாளும் யாருக்கும் திறக்கலாம். யாழ்ப்பாண நகரத்தில் இது வழக்கமாகிவிட்டது. கிராமங்களுக்கும் வந்துகொண்டிருக்கிறது.

திறக்காதே என்று நாம் சொல்லவில்லை. ஆள் இல்லாத வீடு கறையான் தின்று விழுவதைவிட விளக்கு எரிவது நல்லது. நாம் கேட்பது வேறு. வாடகை வாங்கும்போது அது விடுதி. கட்டில் கணக்கு, குளிரூட்டி கணக்கு, காலைச் சாப்பாட்டுக் கணக்கு எல்லாம் உண்டு. பிரதேச சபை வரி கேட்டால் அது வீடு. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மலக்குழியைப் பார்க்க வந்தால் அது வீடு. கூட்டித் துடைத்து விரிப்புத் தோய்க்கும் பெண் சம்பளச் சிட்டை கேட்டால் அதுவும் வீடு. அவள் "வீட்டு வேலைக்கு வாற பிள்ளை". இந்த இரட்டை வேடத்துக்குத்தான் முடிவு கட்ட வேண்டும்.

வீட்டு வேலை என்ற பெயரில் எவ்வளவு பறிபோகிறது என்று பாருங்கள். தேசிய ஆகக்குறைந்த சம்பளச் சட்டம் 2016இல் வந்தபோது வீட்டுப் பணியாளரை வெளியே தள்ளி வைத்தது. ஹோட்டல் தொழிலுக்குச் சம்பள நிர்ணய சபை உண்டு. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி நூற்றுக்கு 12, தொழிலாளி நூற்றுக்கு 8 கட்ட வேண்டும். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி இன்னும் 3 கட்ட வேண்டும். தினமும் புது விருந்தாளிக்குப் படுக்கை விரிப்பவள் செய்வது ஹோட்டல் வேலை. அவளை வீட்டு வேலைக்காரி என்று எழுதுவது, அல்லது எங்குமே எழுதாமல் விடுவது, கூலித் திருட்டு.

"இதையெல்லாம் கேட்டால் சின்ன ஆட்கள் தொழிலை விட்டுவிடுவார்கள்" என்று ஒரு பயம் காட்டுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் இரவுக்கு வாடகை 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் பாதி நாள் ஆள் வந்தாலும் 225,000 ரூபாய். 2025 ஏப்ரலில் தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 27,000 ரூபாயாக இருந்தது; அதை வைத்தே பார்ப்போம். முதலாளி கட்ட வேண்டிய சேமலாப நிதி 3,240, நம்பிக்கைப் பொறுப்பு நிதி 810. சுற்றுலா அதிகார சபையில் பதிந்த விடுதி வருமானத்தில் நூற்றுக்கு ஒன்று வரை பிரதேச சபை உரிமக் கட்டணமாகக் கேட்கலாம்; அது 2,250. எல்லாம் சேர்த்து 33,300 ரூபாய். வந்த பணத்தில் ஏழில் ஒரு பங்குக்குச் சற்று மேல். இதைக் கொடுத்தால் நொடித்துப்போகும் தொழில் என்றால், அது இவ்வளவு நாளும் யாருடைய கூலியில் நடந்தது?

அடுத்தது தண்ணீர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூடக் கிடையாது. நிலத்துக்கு அடியில் சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகளில் தேங்கும் மழைத்தண்ணீர்தான் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் உயிர். அச்சுவேலிக்குப் பக்கத்து நவக்கிரியில் உள்ள நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். மேலே இருப்பது நன்னீர், கீழே உப்புநீர். அளவுக்கு மேல் இறைத்தால் உப்பு மேலே ஏறும். சுண்ணாம்புக்கல் எதையும் வடிகட்டாது. ஒரு வளவின் மலக்குழியில் இறங்குவது அடுத்த வளவுக் கிணற்றுக்குப் போகும். உரமும் மலக்குழியும் சேர்ந்து வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று ஏற்கெனவே கூடியிருக்கிறது. சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில் உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் மக்களுக்கு இரண்டு கோடி ரூபாய் நட்டஈடு கொடுக்கச் சொன்னது. பணம் தீர்ப்பில் வரும்; கெட்ட கிணறு தீர்ப்பால் சுத்தமாகாது.

ஐந்து பேர் வாழக் கட்டிய வீட்டில் பதினைந்து பேர் குளித்தால், நீச்சல் தடாகமும் வைத்தால், பக்கத்துத் தோட்டக்காரரின் இறைப்பு குறையும். இறைப்பு குறைந்தால் முதலில் வேலை போவது வெங்காயம் நடும் கூலிப் பெண்ணுக்குத்தான். எத்தனை அறை, எத்தனை ஆள், எந்த அளவு மலக்குழி, கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்று எழுதி, வந்து பார்த்து, அதன் பிறகே உரிமம் கொடுக்க வேண்டும் என்பது அதிகாரிகளின் விளையாட்டு அல்ல. ஊரின் குடிநீர்.

இனி நம் பக்கம் வருவோம்.

கந்தப்பளையில் பழைய ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1996இல் ஹோட்டலானது. காசல்றீ நீர்த்தேக்கத்தைச் சுற்றிய துரை பங்களாக்கள் 2005 முதல் உல்லாச விடுமுறை மாளிகைகள். இன்று நாடெங்கும் துரை பங்களா வாடகைக்கு விடப்படுகிறது. இந்தத் தோட்டக் காணிகளில் பெரும்பகுதி அரசின் காணி. 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. பின்னர் 53 வருடக் குத்தகை வந்தது. குத்தகைக்கு வந்தவன் பங்களாவை விடுதியாக்கலாம். அதே மண்ணில் ஐந்து தலைமுறை வேர்வை சிந்தியவனுக்கு லயத்துக் காம்பராவுக்கு ஓர் உறுதிப் பத்திரம் கிடையாது. 7 பேர்ச் என்றார்கள், 10 பேர்ச் என்றார்கள். பெரும்பாலான குடும்பங்களின் கையில் இன்னும் ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

இதனால் இன்னொன்றும் நடக்கிறது. சுற்றுலா அதிகார சபையில் வீட்டைப் பதிய உறுதி அல்லது குத்தகைப் பத்திரம் வேண்டும். உள்ளூராட்சி சபையின் கட்டட அனுமதி வேண்டும். நமக்கு இரண்டும் இல்லை. எல்லவுக்கும் ஹப்புத்தளைக்கும் வரும் வெள்ளைக்காரப் பிள்ளைகள் தோட்டத்து வீட்டில் ரொட்டியும் சம்பலும் சாப்பிட ஆசைப்படுகிறார்கள். நம் அக்கா தங்கைமார் அதைச் செய்யக்கூடியவர்கள். ஆனால் சட்டப்படி அவர்களால் ஓர் அறையைக்கூடப் பதிய முடியாது. கொழுந்துக் கூடையோடு படம் எடுக்க நாம் வேண்டும். வருமானத்தில் பங்கு என்றால் நமக்கு முகவரி இல்லை. 2024 செப்டம்பரில் 1,350 ரூபாய் அடிப்படை நாட்கூலிக்கு எவ்வளவு இழுபறி நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் கூலியில் எத்தனை நாள் உழைத்தால் அதே தோட்டத்துப் பங்களாவில் ஓர் இரவு தங்கலாம் என்று நீங்களே விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்.

மலைச்சரிவில் விதி இல்லாமல் கட்டினால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2014 அக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. அபாயம் பற்றி அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது. சனங்கள் லயத்தில் இருந்தார்கள். அதே பதுளை மாவட்டத்துச் சரிவுகளில் இன்று "காட்சி நல்லா இருக்கு" என்று மாடி மேல் மாடி எழும்புகிறது. மேலே மண்ணை வெட்டினால் கீழே இருக்கும் லயத்துக்குத்தான் ஆபத்து.

வெளியுலகமும் பட்ட பிறகுதான் விழித்திருக்கிறது. நியூயோர்க் நகரில் 2023 செப்டம்பர் முதல், 30 நாளுக்குக் குறைவாக வீடு விடுபவர் பதிய வேண்டும்; விருந்தாளி தங்கும்போது தானும் அங்கே இருக்க வேண்டும்; இரண்டு பேருக்கு மேல் வைக்கக்கூடாது. பார்சிலோனா நகரம் தன்னிடமுள்ள பத்தாயிரத்துக்கு மேற்பட்ட சுற்றுலா வீட்டு உரிமங்களை 2028 நவம்பருக்குப் பிறகு புதுப்பிப்பதில்லை என்று 2024இல் அறிவித்தது. ஊர்ச் சனத்துக்கு வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை என்பதே காரணம். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் நம் சொந்தங்கள் போய்ச் சேர்ந்த நீலகிரியில், 2021 ஜனவரியில் மசினகுடி விடுதிப் பக்கம் வந்த யானை மீது எரியும் டயரை வீசினார்கள், யானை செத்தது. அதன் பிறகு அங்கே உரிமம் இல்லாத விடுதிகளுக்குச் சீல் விழுந்தது. 2024 மே 7 முதல் நீலகிரிக்குப் போக இ-பாஸ் எடுக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. யானை சாகும்வரை, கிணறு கெடும்வரை, மலை சரியும்வரை நாமும் காத்திருக்க வேண்டுமா?

விதி வந்தால் லஞ்சமும் அலைச்சலும்தான் வரும் என்று சொல்பவர்களின் பயத்தை நாம் தள்ளிவிடவில்லை. ஓர் அறை வைத்திருக்கும் விதவைத் தாயை அதிகாரி விரட்டுவான். அரசியல்வாதியின் சிநேகிதன் கட்டும் முப்பது அறை விடுதிக்குள் அதே அதிகாரி தேநீர் குடிப்பான். காங்கேசன்துறைக் கரையில் இராணுவமே "தல்செவன" என்ற விடுமுறை விடுதியை நடத்தும் நாடு இது. ஆகவேதான், ஆளுக்கேற்ற விதி வேண்டும் என்கிறோம். குடியிருந்துகொண்டே இரண்டு அறை விடுபவருக்கு ஒரு தாள் விண்ணப்பமும் சின்னக் கட்டணமும் போதும். ஆள் வெளிநாட்டில் இருக்க, முழு வீட்டையும் வருடம் முழுக்க நாள் வாடகைக்கு விடுபவர் ஹோட்டல்காரர். அவருக்கு ஹோட்டல் சட்டம். கம்பனிக்குக் கம்பனிச் சட்டம்.

நாம் முன்வைக்கும் கோரிக்கைகள் இவை:

ஒன்று: நாள் வாடகைக்கு விடும் ஒவ்வொரு வீட்டுக்கும் பதிவிலக்கம் வேண்டும். அந்த இலக்கம் வாசலிலும் விளம்பரத்திலும் இருக்க வேண்டும்.

இரண்டு: அந்த வீடுகளில் வேலை செய்வோர் ஹோட்டல் தொழிலாளராகக் கணிக்கப்பட வேண்டும். சம்பளச் சிட்டை, சேமலாப நிதி, வார விடுமுறை கொடுக்காதவருக்கு உரிமம் புதுப்பிக்கக்கூடாது.

மூன்று: கிணறு, மலக்குழி, மலைச்சரிவு பார்க்கப்படாமல் உரிமம் இல்லை. பக்கத்து வீட்டாருக்கு முறைப்பாடு செய்யும் உரிமை வேண்டும். அந்த முறைப்பாட்டுக்கு எழுத்தில் பதிலும் வேண்டும்.

நான்கு: வரும் உரிமக் கட்டணம் அந்த வட்டாரத்தின் தண்ணீருக்கும் பாதைக்கும் செலவாக வேண்டும், கணக்கைச் சபை வருடாவருடம் ஒட்ட வேண்டும்.

ஐந்து: லயத்துக் குடும்பங்களுக்குக் காணி உறுதி, பெண்ணின் பெயரும் சேர்த்து. அது கைக்கு வரும்வரை எந்தத் தோட்டத்திலும் புதிதாகப் பங்களாவோ காணியோ உல்லாச விடுதியாகக்கூடாது.

இவற்றைச் செய்ய அதிகாரம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிரதேச சபைகளுக்கு உபவிதி இயற்றும் அதிகாரத்தை 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் கொடுத்திருக்கிறது. தோட்டத்துக்குள் பிரதேச சபை வேலை செய்யத் தடையாக இருந்த பிரிவும் 2018இல் திருத்தப்பட்டது. இரண்டு வருடத்துக்கு மேல் உறுப்பினர் இல்லாமல் கிடந்த சபைகளில், 2025 மே 6 தேர்தலுக்குப் பிறகு நாம் வாக்களித்து அனுப்பிய ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். வலிகாமம் கிழக்கிலும் இருக்கிறார்கள், நுவரெலியாவிலும் எல்லவிலும் இருக்கிறார்கள்.

ஆகவே தோழர்களே, வரும் தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் இதை ஒரு விடயமாக எடுங்கள். உங்கள் தோட்டத்தில் எந்தப் பங்களா வாடகைக்குப் போகிறது, அங்கே வேலை செய்வது யார், அவர்களுக்குச் சேமலாப நிதி இலக்கம் இருக்கிறதா என்று எழுதி எடுங்கள். யாழ்ப்பாணத்தில் வேலை செய்யும் பிள்ளைகளிடமும் இதையே கேட்டு எழுதச் சொல்லுங்கள். அந்தப் பட்டியலோடு உங்கள் பிரதேச சபை உறுப்பினரின் வாசலுக்குப் போங்கள். ஒருவராகப் போகாமல் கூட்டமாகப் போங்கள்.