சீனக் குழந்தையின் பேச்சும் அயல்மொழி அளவுகோலும்

ஒரு குழந்தையின் பேச்சொலி வளர்ச்சி தாமதப்படுகிறதா என்பதைத் துணிய ஓர் அளவுகோல் வேண்டும். அவ்வளவுகோல் எம்மொழிக் குழந்தைகளைக் கொண்டு வகுக்கப்பட்டது என்னும் வினாவோ அரிதாகவே எழுப்பப்படுகிறது. ஆங்கிலக் குழந்தைகளுக்கென அமைந்த அட்டவணையை மொழிபெயர்த்துப் பிறமொழிக் குழந்தைகள்மீது செலுத்துவது எத்துணைப் பிழைபட்டது என்பதற்கு மாண்டரின் மொழி தக்க சான்றாகும்.

மாண்டரினின் அசையமைப்பு எளியது. அசையின் முதலில் வருதற்குரிய மெய்கள் 21. இறுதியில் வருவன பெரும்பாலும் இரண்டு மூக்கொலிகளே. ஆங்கிலத்தைப்போல் அசைமுதலில் மெய்கள் அடுக்கி வருதல் இல்லை. ஆயினும் அசை ஒவ்வொன்றும் தொனியால் பொருள் வேறுபடும். 'மா' என்னும் ஓரசையே நால்வகைத் தொனியில் தாய், சணல், குதிரை, வைதல் என நான்கு பொருள் தரும். மூச்சு மிக்க ஒலி, மூச்சு மிகாத ஒலி என்னும் வேறுபாடும் இம்மொழிக்கு இன்றியமையாதது. இந்தி பயின்றோர்க்கு இவ்வேறுபாடு எளிதிற் புலனாகும்; தமிழ் மட்டும் அறிந்த செவிக்கு எளிதிற் புலனாகாது.

ஜூ ஹுவா, பார்பரா டாட் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் பெய்ஜிங் நகரில் ஒன்றரை வயது முதல் நாலரை வயது வரையுள்ள 129 குழந்தைகளின் பேச்சை ஆராய்ந்து, முடிவுகளை 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர். குழந்தைகள் முதலிற் கைவரப்பெற்றது தொனியே. அதன்பின் அசையிறுதி மெய்களும் உயிர்களும் அமைந்தன. அசைமுதல் மெய்கள் இறுதியிலேயே நிலைபெற்றன. தொனிப் பிழைகள் மிகச் சிலவே. ஆனால் அசையை அழுத்தமின்றி மெலித்து ஒலிப்பதும், ரகரச் சாயலுடன் முடிப்பதும் ஆராயப்பட்ட மூத்த குழந்தைகளிடத்தும் முழுமை பெறவில்லை.

இவ்வாராய்ச்சியில் கருதத்தக்கது மற்றொன்று. அசைமுதல் மெய்யை விட்டுவிட்டு ஒலித்தல், நாவின் முன்பகுதியிற் பிறக்க வேண்டிய ஒலியைப் பின்தள்ளி ஒலித்தல் ஆகிய இரண்டும் ஆங்கிலக் குழந்தையிடம் காணப்பட்டால் இயல்புக்கு மாறான குறிகளாகக் கருதப்படும். பெய்ஜிங் குழந்தைகளிடமோ இவை இயல்பான வளர்ச்சியின் பகுதியாகவே காணப்பட்டன. ஆங்கில அட்டவணையைக் கையிற்கொண்டு நோக்குவோர், நலமாக வளரும் குழந்தையைக் குறையுடையதெனக் குறித்துவிடுவர். அவ்வட்டவணையில் தொனிக்கு இடமே இன்மையால், தொனியிற் பிழைசெய்யும் குழந்தையைக் கவனியாது விடவும் கூடும். மாண்டரின் பேசும் குழந்தையிடம் தொனிப் பிழை நீடிப்பின் அதன் செவிப்புலனைப் பற்றி ஐயுறவேண்டும். முதல் தவறு பெற்றோரை வீணாக வருத்தும். இரண்டாவது, சிகிச்சைக்குரிய காலத்தையே கழித்துவிடும்.

மாந்தர் அனைவருக்கும் நாவும் உதடும் ஒன்றே ஆதலின் ஒரே அளவுகோல் போதும் என்று வாதிப்போர் உளர். உதட்டொலிகளும் மூக்கொலிகளும் பல மொழிகளிலும் முந்தி வருகின்றன என்பது மெய்யே. ஆயின் ஓர் ஒலி எப்போது நிலைபெறும் என்பது வாயுறுப்பின் வலிமையை மட்டும் பொறுத்ததன்று. அவ்வொலி அம்மொழியிற் பொருளை வேறுபடுத்துவதில் எத்துணைப் பங்கு கொள்கிறது என்பதையும் பொறுத்தது. தொனி முந்தி அமைவதற்கு இதுவே காரணமாகலாம் என அவ்வாராய்ச்சியாளரும் கருதினர்.

ஒரே மொழிக்குள்ளும் வட்டார வேறுபாடு உண்டு. தைவானிலும் தென் சீனத்தின் பல பகுதிகளிலும் வளர்ந்தோரே நாவை வளைத்து ஒலிக்கும் ஒலிகளைப் பல்லொலிகளோடு ஒன்றாக்கிப் பேசுவதுண்டு. அங்குள்ள குழந்தை பெய்ஜிங் முறைப்படி ஒலிக்கவில்லை எனின் அது குறையாகாது. குழந்தை தன் தாயின் மொழியையே பேசுகிறது. ஆதலின் பெற்றோரின் பேச்சை முதலிற் கேளாது குழந்தையை மதிப்பிடுதல் முறையன்று.

அவ்வாறாயின், 'காலம் வந்தால் தானே திருந்தும்' என்று வாளா இருக்கலாமோ எனின், அதுவும் கூடாது. முதற்கண் செவிப்புலனை ஆராய்தல் வேண்டும். பின்னர்ப் படங்களைக் காட்டிப் பெயர் கூறச் செய்து, பிழைகளின் எண்ணிக்கையோடு அவற்றின் தன்மையையும் குறித்தல் வேண்டும். அம்மொழியின் இளைய குழந்தைகள் செய்யும் பிழையையே மூத்த குழந்தை செய்யின் அது தாமதம். எவ்வயதினரும் செய்யாத பிழையைச் செய்யின் அது கோளாறு. ஒரே சொல்லை ஒவ்வொரு முறையும் வெவ்வேறாக ஒலிப்பின் அதுவும் தனிவகையே. ஒவ்வொன்றுக்கும் வேண்டும் உதவி வேறாகும். ஓர் ஒலியை ஒருமுறை சரியாகக் கூறுதலும் எப்போதும் சரியாகக் கூறுதலும் ஒன்றல்ல என்பதையும் மறத்தலாகாது. இரண்டையும் கலந்து நோக்கின் வயதுக் கணக்கே பிறழும்.

பல மொழிகள் வழங்கும் இந்திய நாட்டிற்கும் இப்படிப்பினை பொருந்தும். வேற்றுமொழி அட்டவணையைத் தமிழ் எழுத்தில் எழுதிவிடுவதால் மட்டும் அது தமிழ்க் குழந்தைக்கு உரிய அளவுகோலாகிவிடாது. ஒவ்வொரு மொழிக்கும், இயன்றவரை ஒவ்வொரு வட்டாரத்துக்கும், அங்குள்ள குழந்தைகளின் பேச்சைக் கேட்டே அளவுகோல் வகுத்தல் வேண்டும். அது அமையும்வரை ஆசிரியரும் களப் பணியாளரும் ஒரு குழந்தையைக் 'குறையுடையது' என ஏட்டிற் பதியுமுன், அதே ஊரில் அதே மொழி பேசும் அதே வயதுக் குழந்தைகள் எவ்வாறு பேசுகின்றனர் என்பதைக் கேட்டறிதல் அவர்தம் கடமையாகும்.