வட்டி இறங்கினால் பத்திரம் ஏறும்

2025 ஜூலை 9-ஆம் தேதி, பேங்க் நெகாரா அடிப்படை வட்டியான ஓபிஆரை 3 விழுக்காட்டிலிருந்து 2.75-க்குக் குறைத்தது. வீட்டுக் கடன் கட்டுகிறவர்களுக்கு மகிழ்ச்சி. வைப்புத் தொகை வட்டியில் மருந்து வாங்கும் அம்மாவுக்கு இல்லை. அந்தப் பணத்தைக் கடன் பத்திரத்தில் போட்டுவிடலாமா?

ஆண்டுக்கு 4 விழுக்காடு தரும் 10,000 வெள்ளிப் பத்திரம், முதிர்வுக்கு 10 ஆண்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தை வட்டி 3.75-க்கு இறங்கினால் பழைய பத்திரத்துக்குக் கிராக்கி. விலை சுமார் 10,205 வெள்ளி. 4.25-க்கு ஏறினால் சுமார் 9,800தான். முதிர்வு வரை காத்திருப்பவருக்குக் கவலையில்லை. இடையில் ஆஸ்பத்திரிச் செலவுக்கு விற்க நேர்ந்தால்தான் கையைக் கடிக்கும்.

பங்குகள் இவ்வளவு ஒழுங்காக நடப்பதில்லை. வங்கிகளுக்கு முதலில் அடிதான்: மாறும் வட்டிக் கடன்களின் வருமானம் சீக்கிரம் குறையும், வைப்புகளுக்கோ முதிரும் வரை பழைய வட்டியையே கொடுக்க வேண்டும்.

அம்மாவின் ஓராண்டுச் செலவை வைப்பிலேயே விடுங்கள். மிச்சத்தைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.