குடியை விட்டவனின் சாயங்காலம்

குடியை விட வேண்டும் என்று சொல்லுகிறவர்களுக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை. மேடையில் சொல்லுகிறார்கள், கோவிலில் சொல்லுகிறார்கள், குடியை விற்கிற சர்க்காரே புட்டியின் மேல் அச்சடித்துச் சொல்லுகிறது. ஆனால், குடியை விட்டவன் அன்றைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கே போவது, யாரோடு பேசுவது, ஒன்பது மணி வரைக்கும் எப்படிப் பொழுதைக் கழிப்பது என்று சொல்லுகிறவர் ஒருவரையும் காணோம். இது அற்ப விஷயம் என்று பலர் நினைக்கிறார்கள். அற்ப விஷயமல்ல, உயிர் போகும் விஷயம் என்பதே நமது அபிப்பிராயம்.

உளுந்தூர்பேட்டைக் கமிட்டியில் மூட்டை தூக்கும் தோழர் ஒருவர் நமக்குப் பழக்கம். இருபது வருஷம் குடித்தவர். விட்டு நாற்பது நாள் ஆகியிருந்த சமயத்தில் நம்மிடம் வந்தார். "உடம்பு எப்படி?" என்று கேட்டோம். "உடம்பு தேவலை அய்யா. கை நடுக்கம் நின்றுவிட்டது. சோறு இறங்குகிறது. ஆனால் பொழுதுதான் போகமாட்டேன் என்கிறது. ஆறு மணி ஆனால் வீட்டில் சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்க்கிறேன். குடிக்காமல் இருப்பதுகூடப் பெரிதில்லை, இந்தச் சும்மா இருப்பதுதான் தாங்கவில்லை" என்றார். இருபது வருஷம் மூட்டை சுமந்த முதுகுக்கு மூன்று மணி நேரச் சும்மா பாரமாயிருக்கிறது!

இதைக் கேட்டு நகைப்பவர்கள், 2024-ஆம் வருஷம் ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் நடந்ததை நினைத்துப் பார்க்கட்டும். கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் விஷச் சாராயம் குடித்து 65 பேருக்கு மேல் மாண்டார்கள். ஆண்கள் மாத்திரமல்ல, பெண்களும் மாண்டார்கள். அவர்கள் குடித்தது மெத்தனால் கலந்த சரக்கு. மெத்தனால் என்பது வார்னிஷுக்கும் ரசாயனத் தொழிலுக்கும் பயன்படும் திராவகம். அது வயிற்றுக்குள் போனால் ஈரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அந்த அமிலம் முதலில் கண் நரம்பைக் கெடுக்கும். பிறகு மூச்சை அடக்கும். அதற்கு முந்தின வருஷம் மே மாதத்தில் மரக்காணம் பக்கத்திலும் செங்கற்பட்டு ஜில்லாவிலும் இதே விஷத்தால் 20 பேருக்கு மேல் மாண்டிருந்தார்கள். அந்தச் சமாச்சாரம் தெரிந்திருந்தும் கருணாபுரத்தில் குடித்தார்கள் என்றால், சாவைப் பற்றிய பயம் ஒன்றே மனிதனைக் குடியிலிருந்து தடுத்துவிடாது என்பது விளங்கவில்லையா?

சாவு வீட்டு அழுகை அடங்குவதற்குள் எத்தனையோ பேர் "இனிமேல் தொடமாட்டேன்" என்று பிள்ளை தலையில் கை வைத்துச் சத்தியம் செய்வது எல்லா ஊரிலும் நடக்கிற காரியம்தான். சத்தியம் செய்தவன் பொய்யன் அல்ல. அந்த நேரத்தில் மெய்யாகவே சொன்னான். ஆனால் சத்தியம் காலையில் செய்யப்படுகிறது. அதற்குச் சோதனையோ சாயங்காலத்தில் வருகிறது.

விட்டவன் திரும்பக் குடித்தால் ஊரார் சொல்லுவது இரண்டு. ஒன்று, "அவன் தலைவிதி" என்பது. மற்றொன்று, "அவனுக்கு ரோஷமில்லை" என்பது. இரண்டும் யோசிக்கச் சோம்பல்பட்டவர்கள் சொல்லுகிற பேச்சேயாகும். விதி என்றால் டாக்டர் எதற்கு? ரோஷமில்லை என்றால், நாற்பது நாள் தொடாமல் இருந்தானே, அது எதனால்?

உண்மை என்னவென்று வைத்திய சாஸ்திரம் சொல்லுகிறது. சாப்பாடு, விளையாட்டு, பிள்ளையின் மழலை, நண்பனின் பேச்சு ஆகியவை மனிதனுக்கு இன்பமாகத் தோன்றுவதற்கு மூளையில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. டோபமைன் என்ற ஒரு சத்து அதில் வேலை செய்கிறது. சாராயம் அந்த ஏற்பாட்டைத் தினந்தோறும் அளவுக்கு மீறிக் கிளப்பி விடுகிறது. வருஷக்கணக்கில் இப்படி நடந்தால் மூளை தன்னைக் காத்துக்கொள்ள அந்தச் சுரணையைக் குறைத்துக்கொள்கிறது. பிறகு குடியை நிறுத்தினால், குறைந்த சுரணை உடனே திரும்பிவிடுவதில்லை. வாரங்கள் ஆகும், பலருக்கு மாதங்கள் ஆகும். அதுவரையில் கறிச்சோறும் உப்பில்லாதது போலிருக்கும். பிள்ளை சிரித்தாலும் மனம் சிரிக்காது. இதைத்தான் நம் தோழர் "பொழுது போகவில்லை" என்றார். இது ரோஷக் குறைவு அல்ல; கட்டுப் பிரித்த காலில் சில நாள் நடக்க முடியாமல் இருப்பது போன்றதேயாகும். கால் சரியாவது போலவே இதுவும் சரியாகும். விட்டவனுக்கு இதை முதல் நாளே சொல்லிவிட்டால், "குடியில்லாத வாழ்வு என்றைக்கும் இப்படித்தான் இருக்கும் போலும்" என்று ஏமாந்து பழைய கடைக்கே திரும்பமாட்டான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வருஷக்கணக்கில் தினமும் நிறையக் குடித்தவன் திடீரென்று தானாக நிறுத்தலாகாது. நிறுத்திய முதல் மூன்று நான்கு நாளில் வலிப்பு வரலாம்; புத்தி தடுமாறி இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம்; உயிரும் போகலாம். ஜனங்கள் இதைப் "பேய் பிடித்தது" என்று பூசாரியிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். இது பேயுமல்ல, பிசாசுமல்ல. மருந்தால் அடங்கும் வியாதி. சர்க்கார் ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும். குடியையும் போதையையும் விட விரும்புவோருக்கு யோசனை சொல்ல 14446 என்ற தொலைபேசி எண்ணும் இருக்கிறது. அதற்குக் காசு கிடையாது.

இனி, கோவிலில் கயிறு கட்டுவதைப் பற்றிக் கேட்பார்கள். "கயிறு கட்டி விட்டவர்கள் இருக்கிறார்களே, அதற்கு என்ன சொல்லுகிறீர்?" என்பார்கள். இருக்கிறார்கள் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் விட்டது எதனால் என்று பார்க்க வேண்டாமா? கையில் கயிறு இருந்தால் கூட்டாளிகள் ஊற்றிக் கொடுக்கத் தயங்குகிறார்கள். இவனுக்கும் "வேண்டாம்" என்று சொல்ல ஒரு சாக்குக் கிடைக்கிறது. இத்தனை நாள் என்று ஒரு கணக்கும் கிடைக்கிறது. வேலை செய்தவை இந்த மூன்றுமேயல்லாமல் நூலும் மஞ்சளும் அல்ல. கெடு முடிந்த அன்றைக்கே கயிற்றை அவிழ்த்துவிட்டு நேரே கடைக்குப் போகிறவர்களைப் பார்த்ததில்லையா? நாள் கணக்கைச் சுவரில் கரிக்கோடு போட்டு எண்ணலாம். "வேண்டாம்" என்று சொல்ல மானமுள்ள மனிதனுக்குச் சாக்கு எதற்கு? கயிறு செய்யாத ஒரு காரியம் உண்டு: அது ஆறு மணியிலிருந்து ஒன்பது மணி வரைக்கும் உள்ள காலி நேரத்தை நிரப்புவதில்லை. நாள் ஒன்றுக்கு 3 மணி என்றால் 90 நாளைக்கு 270 மணி நேரம். இதை நிரப்பாமல் விட்டால் சாராயம் தானாக வந்து நிரப்பிக்கொள்ளும்.

ஆகவே, விட்டவன் செய்ய வேண்டிய காரியங்களைச் சொல்லுகின்றோம். நாளைச் சாயங்காலம் என்ன செய்வது என்பதை இன்று இரவே முடிவு செய்து வைத்துக்கொள்ள வேண்டும். ஆறு மணிக்கு யோசிக்கலாம் என்று இருந்தால் யோசனை கடைப் பக்கமே போகும். வேலை முடிந்ததும் முதலில் வயிறு நிறையச் சாப்பிட வேண்டும். பசியும் களைப்பும் குடி ஆசைக்குத் தூதர்கள். கடை இருக்கும் தெரு வழியாக வீட்டுக்குப் போவதை விட்டு, அரை மைல் சுற்றானாலும் வேறு வழியில் போகவேண்டும். கூலி வாங்கும் நாளே ஆபத்தான நாள். அன்றைக்குப் பணத்தை வழியிலே வைத்திராமல் வீட்டில் சேர்த்துவிட வேண்டும். ஆசை எழும்பினால் அது அலை போன்றது. கால் மணி, அரை மணியில் தானாகத் தணியும். அந்த அரை மணிக்கு மாடு கழுவுவதோ, கொல்லையில் கத்தரிக்குத் தண்ணீர் விடுவதோ, சைக்கிளைப் பிரித்துத் துடைப்பதோ, கைக்கு ஒரு வேலை இருக்கட்டும். எழுத்துத் தெரியாதவர் தன் பிள்ளையிடமே எழுத்துக் கற்றுக்கொள்ளலாம். இதைவிடப் பெரிய மானம் தகப்பனுக்கு உண்டா? இவற்றில் ஒன்றும் முதலில் ருசிக்காது. ருசிக்கவில்லை என்று விட்டுவிடலாகாது. வேலை முன்னே, விருப்பம் பின்னே. நடுவில் ஒரு நாள் தவறிவிட்டால் நாற்பது நாளும் பாழாகிவிட்டதாக எண்ணவேண்டாம். சறுக்கியவன் எழுந்து நடப்பானேயல்லாமல் கிணற்றில் குதிப்பானா?

ஆனால், பாரமெல்லாம் அவன் ஒருவன் தலைமேல்தான் என்று சொல்லி நாம் நழுவிவிட முடியாது. 1970-க்குப் பிந்தின வருஷங்களில், வியட்நாம் யுத்தத்திலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களை லீ ராபின்ஸ் என்ற அம்மையார் ஆராய்ந்தார். யுத்த பூமியில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஹெராயின் என்ற கொடிய போதைக்கு அடிமையாயிருந்தார்கள். ஊருக்குத் திரும்பிய முதல் வருஷத்தில் அவர்களில் மறுபடியும் அடிமையானவர் நூற்றுக்கு 5 பேர் அளவேயாகும். காரணம் பல இருக்கலாம். ஆனால் இடம் மாறிற்று, கூட்டாளிகள் மாறினார்கள், வீடும் வேலையும் கிடைத்தன என்பது முக்கியமானது. நம் மூட்டைத் தோழர் எந்த ஊருக்குத் திரும்புவார்? அவர் குடித்த ஊரும், குடியை விட்டு இருக்கவேண்டிய ஊரும் ஒன்றேயல்லவா? அவர் ஊரை மாற்ற முடியாது. ஆகையால் அந்த ஊரின் சாயங்காலத்தைத்தான் நாம் மாற்ற வேண்டும்.

நம் ஊர்களின் சாயங்காலம் எப்படி இருக்கிறது? உழைத்துக் களைத்த கூலிக்காரன் உட்கார இடம் எங்கே? கோவில் திண்ணையா? அங்கே எந்தச் சாதியான் உட்காரலாம் என்று கணக்கு உண்டு. ஊர்ப் பெரியவர் வீட்டுத் திண்ணையா? அங்கே சேரியான் நிற்கலாம், உட்காரலாகாது என்ற மனோபாவம் பல இடங்களில் இன்னும் சாகவில்லை. கருணாபுரத்தில் மாண்டவர்களில் பெரும்பாலோர் அன்றாடம் கூலிக்குப் போன ஏழைகளே. அப்படிப்பட்ட மனிதன், "நீ யார், என்ன சாதி" என்று கேளாமல், "வா, உட்கார்" என்று சொல்லும் கதவு ஒன்று ஊரில் இருக்கிறதா என்று பார்த்தால், அது சாராயக் கதவாக இருக்கிறது! சாதியைக் கட்டிக் காக்கிறவர்கள் குடியையும் சேர்த்தே காக்கிறார்கள் என்று நாம் சொன்னால் கோபிக்கிறார்கள். கோபம் எதற்கு? அவர்கள் தங்கள் திண்ணையைத் திறக்கட்டும்.

1937-இல் பக்கத்துச் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்த நாளிலிருந்து, கடையை மூடுவதா திறப்பதா, வருமானம் போகுமா போகாதா என்பதே பெரிய வாதமாக இருந்து வருகிறது. மூடினார்கள், திறந்தார்கள், மறுபடி மூடினார்கள், மறுபடி திறந்தார்கள். 2023-24-ஆம் வருஷத்தில் மதுவால் நம் ராஜ்ய சர்க்காருக்கு வந்த பணம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். இதில் ஊருக்கு ஒரு அறை கட்டினால் என்ன குறைந்துவிடும்? நாம் மாளிகை கேட்கவில்லை. ஓர் அறை, ஒரு விளக்கு, இரண்டு விசுப்பலகை, நாலு பத்திரிகை, ஒரு கேரம் பலகை, ஒரு பானைத் தண்ணீர். ஆறு மணிக்குத் திறந்து ஒன்பது மணிக்கு மூடவேண்டும். உபதேசம் கூடாது. சாதி கேட்கக்கூடாது. குடியை விட்டவனா, விடப்போகிறவனா என்றும் கேட்கக்கூடாது. சர்க்கார் செய்யும் வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். நம் தோழர்கள் பல ஊர்களில் நடத்தும் படிப்பகங்களை இதற்குத் திறந்து வைக்கலாம்.

1935-இல் அமெரிக்காவில் ஏக்ரன் என்ற ஊரில் பங்குத் தரகர் ஒருவரும் டாக்டர் ஒருவரும், இருவரும் குடியால் கெட்டவர்கள், ஒருவரோடொருவர் பேசி உட்கார்ந்தே குடியை விட்டார்கள். அதிலிருந்து பிறந்த சங்கம் இன்று உலகமெங்கும் இருக்கிறது. அதில் கடவுள் பேச்சு உண்டு. வேண்டாதவர் அதைத் தள்ளிவிட்டு, விட்டவனுக்கு விட்டவனே துணை என்ற சங்கதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியாகப் பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. புருஷன் குடித்தபோது அடிபட்டவளும் அவளே; விட்ட பிறகு அவனுக்குப் பொழுதுபோக்குக் காட்ட வேண்டியவளும் அவளே என்று சொல்லுவது அக்கிரமம். அவள் போலீஸ்காரியுமல்ல, தாதியுமல்ல. அவளும் பகலெல்லாம் களை பறித்துவிட்டு வந்தவள்தான். அவளுக்கும் ஒரு சாயங்காலம் வேண்டும். காலியாக இருக்கிற புருஷன் ஆறு மணிக்குத் தண்ணீர் தூக்கி, அடுப்பைப் பற்றவைத்து, பிள்ளையைக் குளிப்பாட்டட்டும். அவன் சலிப்பும் தீரும். அவள் முதுகும் நிமிரும்.

நமது மூட்டைத் தோழர் இப்போது தினமும் சாயங்காலம் நம்மிடம் வந்து பத்திரிகையை எழுத்துக் கூட்டிப் படிக்கிறார். ஒரு பத்தி படிக்க ஒரு மணி ஆகிறது. "இன்னும் பிடிக்கவில்லை அய்யா, ஆனால் நேரம் போகிறது" என்கிறார். போதும். பிடிப்பது தானாக வரும். உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் ஆறு மணிக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இன்றைக்கே போய், "வா, உட்கார்" என்று கூப்பிடுங்கள். சாராயக் கடை கூப்பிடுவதற்கு முன் நீங்கள் கூப்பிட வேண்டும் என்பதே நமது வேண்டுகோள்.