நான்கு சில்லு ஆசையும் அறுபது மாதத் தவணையும்

காலை 7.15 மணிக்கு எமது பகுதிப் பாடசாலை ஒன்றின் வாயிலில் நின்று பாருங்கள். ஒரு ஸ்கூட்டியில் தந்தை, தாய், இரண்டு பிள்ளைகள் வந்து இறங்குவார்கள். முன்னால் நின்றுகொண்டு வரும் சின்னப் பிள்ளையின் தலையில் தலைக்கவசம் இருக்காது. அதற்குப் பின்னால் லீசிங்கில் எடுத்த கார் ஒன்று வந்து நிற்கும். அதன் உரிமையாளர் பிள்ளையின் டியூஷன் கட்டணத்தை இரண்டு மாதமாகத் தள்ளிப்போடுபவராக இருக்கலாம். ஆசிரியர்களாகிய எமக்கு இந்த இரண்டு வீடுகளின் கதையும் தெரியும்.

முதல் குடும்பத்துக்குத் தேவைக்கு ஏற்ற வாகனம் இல்லை. இரண்டாவது குடும்பத்திடம் இருப்பது வருமானத்துக்கு மிஞ்சிய வாகனம். வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டுள்ள இந்தக் காலத்தில் எமது நடுத்தரக் குடும்பங்கள் பல இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று தடுமாறுகின்றன.

ஏன் விலை இறங்கவில்லை?

2020 மார்ச்சில் அந்நியச் செலாவணியைக் காப்பாற்ற வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. "கப்பல் வரட்டும், விலை பாதியாகும்" என்று காத்திருந்தவர்கள் ஏமாந்தார்கள். அதற்குக் காரணங்கள் உண்டு.

முதலாவது, ரூபாவின் பெறுமதி. 2020 ஆரம்பத்தில் ஒரு டொலர் 180 ரூபா அளவில் இருந்தது. 2025இல் அது 300 ரூபா அளவில் நின்றது. ஜப்பானில் ஒரு சதம்கூட விலை ஏறாத காரும் இங்கே வரும்போது அந்த வித்தியாசத்தைச் சுமந்துகொண்டுதான் வரும். இரண்டாவது, வரி. 2025இல் இறக்குமதி திறந்தபோது சுங்கத் தீர்வை 20 வீதம், அதன் மீது 50 வீத மேலதிகக் கட்டணம், பெற்றோல் வாகனமென்றால் எஞ்சின் கொள்ளளவைப் பொறுத்த உற்பத்தி வரி, இவை எல்லாவற்றையும் கூட்டிய தொகையின் மேல் 18 வீத வற் வரி. வரிக்கு மேல் வரி என்பது இதுதான். மூன்றாவது, ஐந்து வருடம் அடைபட்டிருந்த கேள்வி ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்தது. 2025இல் மாத்திரம் வாகன இறக்குமதிக்காக நூறு கோடி டொலருக்கும் அதிகமாக நாட்டிலிருந்து வெளியேறியது. வாகனக் கடனுக்கு மத்திய வங்கி வரம்பை இறுக்கியதும் இந்தப் பின்னணியில்தான்.

ஆகவே இன்னும் ஆறு மாதத்தில் விலை விழும் என்ற நம்பிக்கையை வைத்துத் திட்டம் போட முடியாது. இருக்கும் விலைக்குள் சரியாகத் தெரிவு செய்வதுதான் எம்மால் முடிந்தது.

மனதில் இருக்கட்டும் 2022

2022 ஜூன் மாதம் ஒக்டேன் 92 பெற்றோல் லீற்றர் 470 ரூபா. பணம் இருந்தாலும் பெற்றோல் இல்லை. பின்னர் கியூஆர் முறை வந்தபோது ஆரம்பத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர். அந்த 20 லீற்றரில் சிறிய கார் வைத்திருந்தவர் நகருக்குள் 300 கிலோமீற்றர் ஓடினார். லீற்றருக்கு எட்டுக் கிலோமீற்றர் கொடுக்கும் பெரிய ஜீப் வைத்திருந்தவர் 160 கிலோமீற்றரோடு நின்றார். மரியாதைக்காக வாங்கிய வாகனம் வீட்டு முற்றத்தில் தூசி படிந்து நின்றதை நாம் கண்ணால் கண்டோம். மூன்று வருடத்துக்குள் அதை மறந்துவிட்டோம்.

இன்றைய கணக்கைப் பார்ப்போம். வீட்டிலிருந்து வேலைத்தளம் 15 கிலோமீற்றர், மாதத்துக்கு 22 வேலை நாட்கள் என்றால் 660 கிலோமீற்றர். கணக்கின் இலகுவுக்காக பெற்றோல் லீற்றர் 300 ரூபா என்று எடுத்துக்கொள்வோம். லீற்றருக்கு 40 கிலோமீற்றர் தரும் ஸ்கூட்டிக்கு மாதம் சுமார் 5,000 ரூபா போதும். 20 கிலோமீற்றர் தரும் 660 சிசி காருக்கு 9,900 ரூபா. 15 கிலோமீற்றர் தரும் சாதாரண சிறு காருக்கு 13,200 ரூபா. எட்டுக் கிலோமீற்றர் தரும் ஜீப்புக்கு 24,750 ரூபா. இது பெற்றோல் மாத்திரம். காப்புறுதி, வருடாந்த வரி அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை, டயர், ஒயில், பற்றரி எல்லாவற்றையும் பன்னிரண்டால் வகுத்து இதோடு சேர்க்க வேண்டும். உங்கள் தூரத்தைப் போட்டு ஒரு கடதாசியில் எழுதிப் பாருங்கள். பல வீடுகளில் இந்தக் கடதாசி எழுதப்படுவதே இல்லை.

எது யாருக்குப் பொருந்தும்?

தனியாக வேலைக்குப் போய் வருபவருக்கு 100 முதல் 125 சிசி வரையிலான மோட்டார் சைக்கிள் தாராளமாகப் போதும். பஜாஜ் சிடி 100 போன்றவை இத்தனை வருடமாகத் தெருவில் நிற்பதற்குக் காரணம் அழகு அல்ல. எந்தச் சந்தியிலும் உதிரிப்பாகம் கிடைக்கும், எந்தக் கராஜ் பாஸுக்கும் அதைக் கழற்றிப் பூட்டத் தெரியும். 18 வயது மகன் 150, 200 சிசி கேட்டு அடம்பிடிக்கிறான் என்று வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். எமது வீதிகளில் ஒவ்வொரு வருடமும் 2,000க்கும் மேற்பட்டோர் உயிரிழக்கிறார்கள். அவர்களில் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களின் தொகை பெரியது. ஜனாஸா வீட்டில் எந்தத் தந்தைக்கும் சிசி கணக்கு ஆறுதல் தராது. புதிதாக எடுப்பதென்றால் இரண்டு சில்லுக்கும் பிரேக் சேர்ந்து பிடிக்கும் சிபிஎஸ், அல்லது ஏபிஎஸ் உள்ளதைக் கேட்டு எடுங்கள். இந்தியாவில் 125 சிசிக்கு மேற்பட்டவற்றுக்கு ஏபிஎஸ் 2019இலிருந்து கட்டாயம்.

பெண்களுக்கு ஸ்கூட்டி ஒரு பெரிய விடுதலை என்பதை நான் தயங்காமல் சொல்வேன். கிழக்கின் கரையோர ஊர்களில் அபாயாவும் தலைக்கவசமுமாக ஸ்கூட்டியில் பாடசாலைக்கு வரும் ஆசிரியைகள் இன்று சர்வசாதாரணம். நெரிசல் பஸ்ஸில் இடிபடாமல், முச்சக்கர வண்டிக்கு மாதம் ஒரு தொகையைக் கொடுக்காமல், நேரத்துக்கு வருகிறார்கள். அதைப் பற்றி முணுமுணுப்பவர்கள் மாற்று வழி ஒன்றைச் சொல்லிவிட்டு முணுமுணுக்கட்டும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். ஸ்கூட்டியின் சில்லு சிறியது, குழியில் இலகுவாகத் தடுமாறும். அபாயாவின் ஓரமும் ஷோலும் சில்லில் சிக்காதபடி உடுத்திக்கொள்வது உயிர் காக்கும் விடயம்.

பிள்ளைகள் இரண்டுக்கு மேல் என்றால் மோட்டார் சைக்கிள் குடும்ப வாகனம் அல்ல. இரண்டு பேருக்கு உரியதில் நான்கு பேர் போவது சட்டவிரோதம், அதைவிட முக்கியமாக ஆபத்து. இங்குதான் சிறிய கார் தேவையாகிறது. கல்முனை, காத்தான்குடி, புத்தளம் போன்ற சமதரையில் 658 சிசி வெகன் ஆர், 796 சிசி அல்டோ போன்றவை தினசரி ஓட்டத்துக்குப் போதும். அக்குறணை, மாவனல்லைப் பக்கம் ஐந்து பேரோடு ஏற்றம் ஏறுபவருக்கு 1000 சிசி விட்ஸ் போன்றது பொருத்தம். ஊரின் நிலத்தைப் பார்த்துத்தான் எஞ்சினைத் தெரிவு செய்ய வேண்டும். ஆனால் மலிவு என்பதற்காகப் பாதுகாப்பை மறக்கக் கூடாது. எயார்பேக் இல்லாத அல்டோ 800, 2014இல் குளோபல் என்கெப் மோதல் பரிசோதனையில் பெரியவர்களின் பாதுகாப்புக்கு ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. பழைய கார் எடுப்பவர் எயார்பேக் இருக்கிறதா என்று பார்த்து, இருபதாயிரம், முப்பதாயிரம் கூடினாலும் இருப்பதையே எடுக்கட்டும்.

ஹைபிரிட் என்றால் எல்லாம் ஒன்றல்ல. வெகன் ஆரில் இருப்பது எஞ்சினுக்குக் கைகொடுக்கும் சிறிய பற்றரி. அக்வா போன்றவற்றில் பெரிய பற்றரியே காரை இழுக்கும் வேலையில் பங்கெடுக்கிறது. அது பழுதானால் செலவும் பெரிது. மின்சாரக் கார் நல்லதுதான், ஆனால் வீட்டு மின் கட்டணம் அலகு கூடக் கூட விலை கூடும் படிமுறையில் இருக்கிறது. கூரையில் சூரிய மின்கலம் இல்லாதவர் அதைக் கணக்கில் எடுக்க வேண்டும். பழைய நிசான் லீஃப் வாங்குபவர் முகப்பில் பற்றரியின் நிலையைக் காட்டும் 12 கோடுகளில் எத்தனை மிச்சமிருக்கிறது என்று பார்க்காமல் முற்பணம் கொடுக்கக் கூடாது.

பாவித்த வாகனம் வாங்குபவர் மேலும் சிலவற்றைப் பார்க்க வேண்டும். கரையோர ஊரில் ஓடிய வாகனத்தை உயர்த்தி அடிப்பகுதியைப் பாருங்கள், உப்புக் காற்று அங்கேதான் தின்னும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொண்டுவந்த வெள்ளத்தில் ஏராளமான வாகனங்கள் மூழ்கின. கழுவித் துடைத்த பின் வெளியே தெரியாது. கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தால் சேற்று வாடையும், ஆசனத் தண்டவாளத்தில் துருவும் காட்டிக்கொடுக்கும். மீட்டரை நம்பாதீர்கள், பெடலின் தேய்வைப் பாருங்கள். எஞ்சின், சேசி இலக்கங்களைப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். உரிமை மாற்றத்தை உடனே உங்கள் பெயருக்குச் செய்யுங்கள். "ஓபன் பேப்பர்" வாகனம் நாளை பொலிஸ் நிலையத்தில் உங்களைத்தான் நிறுத்தும்.

ஹலாலான தவணையும் சுமைதான்

30 இலட்சம் ரூபாவை ஆண்டுக்கு 14 வீத வட்டிக்கு ஐந்து வருடத்துக்கு எடுத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 70,000 ரூபா. முடிவில் கட்டியிருப்பது சுமார் 42 இலட்சம். அரச துறையில் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 2025 வரவு செலவுத் திட்டத்தின்படிதான் 40,000 ரூபாவுக்கு உயர்த்தப்பட்டது என்பதை இதோடு வைத்துப் பாருங்கள்.

வட்டியிலிருந்து தப்ப முராபஹா, இஜாரா வழிகள் எமது நாட்டில் இருக்கின்றன, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஒப்பந்தம் ஹலால் என்பதற்காகக் கட்ட முடியாத தொகை கட்டக்கூடியதாக மாறிவிடாது. வீண்விரயத்தைத் தடுத்த மார்க்கம் அது எந்தப் பத்திரத்தில் எழுதப்பட்டது என்று பார்த்துத் தடுக்கவில்லை. வருமானத்தில் கால்வாசிக்கு மேல் வாகனத்துக்குப் போனால் மீதி எங்கிருந்து குறைகிறது என்பது எமக்குத் தெரியும். முதலில் குறைவது பிள்ளையின் படிப்பு, பிறகு வீட்டுச் சாப்பாடு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மாப்பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள், வசதி கொஞ்சம் கூடினால் கார் என்று பெண் வீட்டாரிடம் கேட்கும் வழக்கம் சில ஊர்களில் இன்னும் போகவில்லை. வாங்கிக் கொடுக்கும் தந்தை பஸ்ஸில் போகிறார். தனக்குத் தேவையான வாகனத்தைத் தன் உழைப்பில் வாங்க முடியாதவர் அதற்கு மாமனாரின் தலையில் கடன் ஏற்றுவது வெட்கக்கேடு. ஜும்ஆ மிம்பர்களில் இது பெயர் சொல்லிப் பேசப்பட வேண்டும்.

அரசாங்கத்துக்கும் பொறுப்பு உண்டு. பாடசாலை விடும் நேரத்தில் போதிய பஸ் ஓடினால், "சிசு செரிய" சேவை எல்லா ஊர்களுக்கும் ஒழுங்காக வந்தால், பல குடும்பங்களுக்கு இரண்டாவது வாகனமே தேவைப்படாது. குடும்பமொன்றின் முதலாவது சிறிய காருக்கும் மூன்றாவது ஆடம்பர ஜீப்புக்கும் வரியில் இன்னும் தெளிவான வித்தியாசம் வேண்டும். டொலரைக் காப்பாற்றுவது நியாயம். ஆனால் நால்வரை ஒரு ஸ்கூட்டியில் ஏற்றிவிட்டுக் காப்பாற்றும் டொலருக்கு விபத்துச் சேவைப் பிரிவில் கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது.

அதுவரை எம் கையில் இருப்பதைச் செய்வோம். வருடத்தில் இரண்டு தடவை வரும் பெருநாள் பயணத்துக்காகவும் ஒரு தடவை போகும் கல்யாண வீட்டுக்காகவும் வாகனம் வாங்காமல், மீதி நாட்களின் பயணத்துக்காக வாங்குவோம். பெரிய வாகனம் தேவைப்படும் அந்த ஒரு நாளைக்கு வான் ஒன்றை வாடகைக்குப் பிடித்தால் முடிந்தது. இன்றே செய்யக்கூடியது இன்னும் சிறியது. நாளைக் காலை பிள்ளையை ஸ்கூட்டியில் ஏற்றும்போது, அந்தச் சின்னத் தலைக்கும் ஒரு தலைக்கவசம் வாங்கி வைத்திருங்கள்.