மறைக்கப்பட்ட போர்க்கணக்கு

1965 ஜூலை 28 அன்று நண்பகலில் செய்தியாளர்களைச் சந்தித்தார் அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன். வியட்நாமில் உள்ள அமெரிக்கப் படைகள் 75,000-லிருந்து 1,25,000 ஆக உயரும் என்றார். கட்டாய ராணுவச் சேவைக்கு மாதந்தோறும் அழைக்கப்படுவோரின் எண்ணிக்கை 17,000-லிருந்து 35,000 ஆகும் என்றார். இரண்டு நாள் கழித்து மிசௌரி மாநிலத்தின் இன்டிபென்டன்ஸ் நகரில், முன்னாள் அதிபர் ட்ரூமனை அருகில் வைத்துக்கொண்டு, முதியோருக்கான மருத்துவக் காப்பீட்டுச் சட்டமான ‘மெடிகேர்’ சட்டத்தில் கையெழுத்திட்டார். ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டத்தில் கையெழுத்து. ஆகஸ்ட் 11 இரவு லாஸ் ஏஞ்சலீஸின் வாட்ஸ் பகுதியில் கலவரம் வெடித்தது. 34 பேர் மாண்டனர்.

எல்லாம் இரண்டே வாரங்களில் நடந்தவை. உள்நாட்டில் நல்லது செய்ய வந்த மனிதரை எங்கோ நடந்த போர் கெடுத்துவிட்டது என்றுதான் ஜான்சனைப் பற்றிப் பெரும்பாலும் எழுதப்படுகிறது. அதில் எனக்கு உடன்பாடில்லை. போர் அவருக்கு வெளியிலிருந்து வந்த விபத்து அல்ல. அதன் செலவை மக்களிடமிருந்து மறைப்பதென்று அவரே முடிவெடுத்தார். அவருடைய வறுமை ஒழிப்புத் திட்டத்தை முடக்கியது அந்த முடிவுதான்.

ஜான்சனின் அக்கறையை நான் சந்தேகிக்கவில்லை. இளம்வயதில் டெக்சாஸின் கோட்டுலா ஊரில், மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள் படித்த பள்ளியில் ஆசிரியராக இருந்தவர் அவர். பசியோடு வகுப்புக்கு வந்த அந்தப் பிள்ளைகளைப் பற்றி 1965 மார்ச்சில் நாடாளுமன்றத்தின் கூட்டு அமர்விலேயே பேசினார். 1964 ஜனவரியில் வறுமைக்கு எதிராகப் போர் அறிவித்தார். அந்த ஆண்டுத் தேர்தலில் 61 சதவீத வாக்குகளைப் பெற்றார்; பிரதிநிதிகள் சபையில் அவருடைய ஜனநாயகக் கட்சிக்கு 295 இடங்கள் கிடைத்தன. அத்தகைய பலம் அமெரிக்க அதிபர்களுக்கு அரிதாகவே வாய்க்கிறது.

அந்தப் பலத்தோடு ஓர் அச்சமும் சேர்ந்திருந்தது. 1949-இல் சீனா கம்யூனிஸ்டுகளின் கைக்குப் போனபோது, அந்தப் பழி ட்ரூமனின் ஆட்சியையே குலைத்ததை ஜான்சன் செனட்டில் இருந்து பார்த்தவர். வியட்நாமை இழந்தால் தனக்கும் அதே கதிதான் என்று நம்பினார். வெளிப்படையாகப் போரில் இறங்கினாலோ, பழைமைவாதிகள் அதையே காரணம் காட்டித் தன் சமூகச் சட்டங்களுக்குப் பணம் இல்லை என்று கைவிரிப்பார்கள் என்றும் அஞ்சினார். ஆகவே போரையும் நடத்துவது, அது பெரிய போர் என்பதையும் சொல்லாதிருப்பது என்று தீர்மானித்தார்.

1964 ஆகஸ்டிலேயே இதற்கான அடித்தளம் போடப்பட்டுவிட்டது. டோன்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள் இரண்டு முறை தாக்கப்பட்டதாகச் சொல்லி, போர் நடவடிக்கைக்கான அதிகாரத்தை அதிபர் கேட்டார். ஆகஸ்ட் 4 அன்று நடந்ததாகச் சொல்லப்பட்ட இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை. ஆகஸ்ட் 7 அன்று பிரதிநிதிகள் சபை 416-0 என்றும், செனட் 88-2 என்றும் அந்த அதிகாரத்தைக் கொடுத்தன. எதிர்த்தவர்கள் வெய்ன் மோர்ஸ், எர்னஸ்ட் குரூனிங் இருவர் மட்டுமே. வறுமை ஒழிப்புக்கான பொருளாதார வாய்ப்புச் சட்டம் கையெழுத்தானதும் அதே மாதம் 20-ஆம் தேதிதான்.

1965 ஜூலை அறிவிப்பையும் இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். ரிசர்வ் படைகளை அழைக்க வேண்டும் என்று பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் மெக்னமாரா பரிந்துரைத்திருந்தார். ஜான்சன் ஏற்கவில்லை. ரிசர்வ் படையை அழைத்தால் ஊருக்கு ஊர் வேலையில் இருக்கும் குடும்பத் தலைவர்கள் கிளம்ப வேண்டியிருக்கும். நாடு போரில் இருக்கிறது என்பது எல்லா வீட்டுக்கும் தெரிந்துவிடும். நாடே பார்க்கும் இரவு நேரத் தொலைக்காட்சி உரையைத் தவிர்த்து, நண்பகல் செய்தியாளர் சந்திப்பைத் தேர்ந்தெடுத்ததும் அதே எண்ணத்தில்தான். அந்த ஆண்டு முடிவில் வியட்நாமில் இருந்த அமெரிக்க வீரர்கள் சுமார் 1,84,000 பேர்.

அப்படிச் செய்திருக்காவிட்டால் சட்டங்களே நிறைவேறியிருக்காது என்று அவருடைய ஆதரவாளர்கள் வாதிடலாம். அந்த வாதத்துக்கு ஒரு வாரம் மட்டும் இடம் கொடுக்கலாம். மெடிகேர் சட்டத்தின் இறுதி வடிவத்துக்கு செனட் ஒப்புதல் அளித்தது ஜூலை 28 அன்றேதான். வாக்குரிமைச் சட்டம் ஆகஸ்ட் முதல் வாரத்தில் நிறைவேறியது. அதற்குப் பிறகு மறைக்க என்ன காரணம் இருந்தது? டிசம்பரில் அவருடைய பொருளாதார ஆலோசகர் குழுவின் தலைவர் கார்ட்னர் ஆக்லி வரியை உயர்த்தச் சொன்னார். அதிபர் கேட்கவில்லை. 1966 ஜனவரியில் தாக்கலான பட்ஜெட், 1967 ஜூனுக்குள் போர் முடிந்துவிடும் என்ற அனுமானத்தில், போருக்கு ஆகும் செலவு சுமார் 1,000 கோடி டாலர் என்றது. ஆன செலவு ஏறத்தாழ அதைப் போல இரு மடங்கு. வறுமை ஒழிப்புக்கென அமைக்கப்பட்ட பொருளாதார வாய்ப்பு அலுவலகத்துக்கோ எந்த ஆண்டிலும் 200 கோடி டாலர்கூட ஒதுக்கப்படவில்லை.

விலைவாசி ஏறியது. 1966 நவம்பர் தேர்தலில் குடியரசுக் கட்சி பிரதிநிதிகள் சபையில் 47 இடங்களைக் கூடுதலாகப் பிடித்தது. அதன் விளைவு 1967 ஜூலையில் தெரிந்தது. நகரச் சேரிகளில் குழந்தைகளைக் கடிக்கும் எலிகளை ஒழிக்க, இரண்டு ஆண்டுகளுக்கு 4 கோடி டாலர் கேட்டு ஒரு மசோதா வந்தது. உறுப்பினர்கள் எலியைப் பற்றி நகைச்சுவை பேசினார்கள், அவை சிரித்தது. விவாதத்துக்கே எடுக்காமல் ஜூலை 20 அன்று அதைத் தள்ளினார்கள். பின்னர் வேறொரு சட்டத்துக்குள் அந்தத் தொகை சேர்க்கப்பட்டது உண்மைதான். ஆனாலும் உறங்கும் குழந்தையை எலி கடிப்பது ஒரு நாடாளுமன்றத்தில் சிரிப்புக்கு உரியதாக இருந்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. மூன்று நாள் கழித்து டெட்ராய்ட் பற்றி எரிந்தது. 43 பேர் இறந்தனர். அமைதியைக் கொண்டுவர ஜான்சன் அனுப்பியவற்றில் 101-ஆவது வான்வழிப் படைப்பிரிவும் ஒன்று. அதே பிரிவின் ஒரு பகுதி அப்போது வியட்நாமில் சண்டையிட்டுக்கொண்டிருந்தது.

பணத்தைவிடக் கொடிய கணக்கு ஆட்களுடையது. ரிசர்வ் படையை அழைக்காத இடத்தைக் கட்டாயச் சேவை நிரப்பியது. கல்லூரி மாணவர்களுக்கு அதிலிருந்து ஒத்திவைப்பு உண்டு. கல்லூரிக்குப் போக வசதியில்லாதவனுக்குக் கிடையாது. அதுவும் போதாமல், 1966 ஆகஸ்டில் ‘ஒரு லட்சம் பேர் திட்டம்’ என்ற ஒன்றை மெக்னமாரா அறிவித்தார். ராணுவத்தின் அறிவுத்திறன் தேர்வில் தேறாதவர்களைச் சேர்த்துக்கொண்டு, பயிற்சி கொடுத்து, வறுமையிலிருந்து மீட்டு அனுப்புவார்களாம். 1971 வரை சுமார் 3,50,000 பேர் இப்படிச் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ 40 சதவீதம் பேர் கறுப்பின இளைஞர்கள். சொன்ன பயிற்சி பெரும்பாலோருக்குக் கிடைக்கவில்லை. பலரைக் காலாட்படைக்கே அனுப்பினார்கள். வறுமை ஒழிப்பின் பெயரைச் சொல்லியே ஏழைப் பிள்ளைகளைப் போர்முனைக்கு அனுப்பிய இந்தத் திட்டத்தைத்தான் அந்த ஆட்சியின் ஆகப் பெரிய அநீதி என்பேன்.

இதை அன்றே உரக்கச் சொன்னவர் மார்ட்டின் லூதர் கிங். 1967 ஏப்ரல் 4 அன்று நியூயார்க்கின் ரிவர்சைடு தேவாலயத்தில் பேசியபோது, ஏழைகளுக்கான பணத்தையும் ஆட்களையும் போர் விழுங்குகிறது என்றார். நியூயார்க் டைம்ஸும் வாஷிங்டன் போஸ்ட்டும் அவரைக் கண்டித்துத் தலையங்கம் எழுதின. கறுப்பின உரிமை இயக்கங்களிலேயே பலர் விலகி நின்றார்கள். சரியாக ஓராண்டு கழித்து மெம்ஃபிஸில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஜான்சன் கடைசியில் வரி கேட்கத்தான் வேண்டியிருந்தது. அதற்குள் பேரம் பேசும் பலம் கைமாறிவிட்டது. வரிக்குழுத் தலைவர் வில்பர் மில்ஸ், செலவைக் குறைத்தால்தான் வரி என்று பிடிவாதமாக நின்றார். 1968 ஜூனில் வருமான வரி மீது 10 சதவீதக் கூடுதல் வரி வந்தது. கூடவே அரசுச் செலவில் 600 கோடி டாலர் வெட்டும் வந்தது. எந்த வெட்டுக்கு அஞ்சி மூன்று ஆண்டுகள் மறைத்தாரோ, அந்த வெட்டில் அவரே கையெழுத்திட்டார். அதற்கு முன்பே, மார்ச் 31 அன்று, மீண்டும் போட்டியிடப்போவதில்லை என்று அறிவித்திருந்தார்.

எவை பிழைத்தன என்று பார்த்தால் ஓர் உண்மை தெரிகிறது. சட்டப்படி உரிமையாக்கப்பட்டவை பிழைத்தன. மெடிகேர் பணம் வேண்டுமென்றால் நிறப்பாகுபாட்டைக் கைவிட வேண்டும் என்று நிபந்தனை விதித்ததும், தெற்கு மாநில மருத்துவமனைகள் சில மாதங்களிலேயே கறுப்பினத்தவருக்கும் கதவைத் திறந்தன. மிசிசிப்பியில் வாக்காளராகப் பதிவுசெய்த கறுப்பினத்தவர் 1964-இல் 7 சதவீதம்கூட இல்லை. 1967-இல் கிட்டத்தட்ட 60 சதவீதம். 1965 அக்டோபரில் கையெழுத்தான குடியேற்றச் சட்டம், இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 100 பேர் என்றிருந்த ஒதுக்கீட்டு முறையை ஒழித்தது. தமிழகத்திலிருந்து மருத்துவர்களும் பொறியாளர்களும் அமெரிக்கா போக வழி திறந்தது அந்தச் சட்டம்தான். ஆண்டுதோறும் பணத்துக்குக் கையேந்த வேண்டியிருந்த பொருளாதார வாய்ப்பு அலுவலகம் மெலிந்து, பெயர் மாறி, 1981-இல் மறைந்தது.

போரின் விலையை 1965-லேயே மக்கள் முன் வைத்திருந்தால், அவர்கள் போரை மறுத்திருக்கக்கூடும். வரியைக் கொடுத்திருக்கவும் கூடும். இரண்டில் எதுவானாலும் ஏழைகளுக்கு நல்லதாகவே இருந்திருக்கும். தேர்ந்தெடுக்கும் அந்த உரிமையை ஜான்சன் தன் மக்களுக்குத் தரவில்லை. 58,220 அமெரிக்கர்களும், அவர்களைவிடப் பல மடங்கு வியட்நாமியரும் மாண்டார்கள். அவருக்குப் பின் வந்தவர்கள் இதிலிருந்து கற்றுக்கொண்டது வேறு பாடம்: 2003 மார்ச்சில் இராக் மீது படையெடுத்த ஜார்ஜ் புஷ், இரண்டே மாதங்களில் வரியைக் குறைத்துச் சட்டம் கொண்டுவந்தார்.