உறுதிமொழி போதாது, பாடம் வேண்டும்

2015 ஜூலையில், மூளைச்சாவு அடைந்த பாறசாலை வழக்கறிஞர் ஒருவரின் இதயம் கடற்படை விமானத்தில் திருவனந்தபுரத்திலிருந்து கொச்சிக்குச் சென்றது. அதனால் உயிர் பெற்றவர் சாலக்குடியின் ஆட்டோ ஓட்டுநர். அவ்வாண்டு கேரளத்தில் மூளைச்சாவுக்குப் பின் உறுப்புக் கொடை அளித்தோர் 76 பேர். 2018இல் அந்த எண்ணிக்கை 8.

மூன்றே ஆண்டுகளில் மக்களின் நெஞ்சம் வறண்டுவிடவில்லை. மூளைச்சாவுச் சான்றுகள் மீது வழக்குகள் எழுந்தன. இலாபத்திற்காக உயிருள்ளவரையே இறந்தவராக அறிவிக்கிறார்கள் என்ற ஐயம் பரவியது. 'ஜோசப்' திரைப்படம் அதற்கு உருவம் கொடுத்தது. இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவோர், மருத்துவ வணிகத்திடம் அடிபட்ட மக்களின் அனுபவத்தை மறைக்கிறார்கள். ஐயம் தவறாக இருக்கலாம். அது முளைத்த மண் உண்மையானது.

இந்நிலையில் பள்ளிகளுக்குக் கிடைப்பது என்ன? ஆகஸ்ட் 3 வந்தால் உறுதிமொழி, சுவரொட்டிப் போட்டி, 'தானத்தில் சிறந்த தானம்' என்றொரு பேச்சு. பதினெட்டு வயது நிரம்பாதவரின் உறுதிமொழிக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் குடும்பத்திடம் கேள்வி எழுப்பப்படும்போது, படித்த பிள்ளையின் முகத்தைத்தான் வீட்டார் பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் அவனுக்குத் தேவை புண்ணியக் கதையா, அறிவா?

மூளைத்தண்டு செயலற்றபின் செயற்கைச் சுவாசத்தால் இதயம் துடித்துக்கொண்டிருக்கும். அது நினைவிழப்பு அன்று, மரணம். நால்வர் கொண்ட மருத்துவக் குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்த பின்னரே அதை அறிவிக்க வேண்டும். 1994ஆம் ஆண்டுச் சட்டம் உறுப்பு விற்பனையைக் குற்றமாக்கியிருக்கிறது. இவை உயிரியல் வகுப்பிலும் சமூக அறிவியல் வகுப்பிலும் இடம்பெற வேண்டியவை.

பெருங்கடவிளை போன்ற எல்லைப்புறச் சிற்றூர்களில் இத்தேவை இன்னும் கூடுதல். 1956இல் விளவங்கோடும் கல்குளமும் தமிழகத்துடன் இணைந்தபோது நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. உறவுகள் இருபுறமும் நிற்கின்றன. களியக்காவிளைச் சாலையில் அடிபட்டவர் எந்தப் பக்கத்து மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார் என்பதைப் பொறுத்து, கே-சோட்டோவோ தமிழகத்தின் டிரான்ஸ்டானோ பொறுப்பேற்கும். தமிழ் பேசும் பெற்றோர், தம் மொழியில் விளக்கம் பெறாமல், மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ உள்ள ஒப்புதல் தாளில் கையெழுத்திடுவது ஒப்புதலாகுமா?

பாடத்தில் சொல்லப்படாத இன்னொன்றும் உண்டு. மூளைச்சாவுக்குப் பிந்தைய கொடை குறையும் இடத்தில், உயிருள்ள ஏழையின் சிறுநீரகத்திற்கு விலை ஏறுகிறது. 2007இல் எர்ணாவூர் சுனாமிக் குடியிருப்பின் பெண்களும், 2025இல் செய்தியான பள்ளிபாளையத்தின் விசைத்தறித் தொழிலாளர்களும் கடனுக்காகத் தம் உடலை அறுத்துக் கொடுத்தவர்கள். தரகன் தேடி வருவது மாளிகைகளுக்கு அன்று. அவன் நாளை இந்த மாணவர்களின் வீட்டுக் கதவைத் தட்டும்போது, சட்டம் என்ன சொல்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பாடம் மட்டும் எதையும் நிமிர்த்திவிடாது என்பதும் உண்மை. 2015இல் கோட்டயம் அரசு மருத்துவக் கல்லூரியில் இதய மாற்று அறுவை வெற்றிகரமாக நடந்தது. அரசுத் துறையால் இயலும் என்பதற்கு அது சான்று. மாற்று அறுவையும் அதன் பின் வாழ்நாள் முழுதும் உட்கொள்ள வேண்டிய மருந்தும் அரசு மருத்துவமனையில் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும். இல்லையேல் ஏழை கொடுப்பவனாகவே இருப்பான், பெறுபவன் ஆகமாட்டான். ஆசிரியர் அமைப்புகளிலும் பள்ளிப் பெற்றோர் சங்கங்களிலும் உள்ள தோழர்கள் இவ்விரண்டு கோரிக்கைகளையும், தமிழில் ஒப்புதல் படிவம் என்னும் மூன்றாவதையும், வரும் கல்வியாண்டு தொடங்குமுன் ஒருசேர எழுப்ப வேண்டும்.